குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம்: பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஓலைச் சிலுவைக் கூடுகைக்கு முழு வழிகாட்டி

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மாதக் கூட்டம் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டு, ஜெபம், செய்தி, காணிக்கை, டீ. பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் நாற்பது பேர். வருஷத்தில் ஒரு தடவையாவது அந்த நாற்பது பேர் கைக்கும் வேலை வைக்கிற கூடுகை வேண்டும். அதற்கு எந்தத் தலைப்பை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்தச் சாயங்காலம் நாம் செய்கிற பொருள் நாளைக் காலையில் சபைக்குத் தேவைப்படுமா? தேவைப்படும் என்றால் அதைத் திட்டமிடுவது பாதி முடிந்த மாதிரி. யாரும் நேரம் கழித்து வர மாட்டார்கள், பாதியில் எழுந்து போகவும் மாட்டார்கள்.

அந்தக் கேள்விக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் முதலில் வருகிற பதில் ஓலைச் சிலுவைதான். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு ஆராதனையில் பவனியாகப் போகிறவர்கள் கையில் பிடிக்கிற சிலுவையை, முந்தின நாள் சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்து பின்னிக் கொடுப்பது. கூடுகைக்கு 36 பெண்கள், ஞாயிறு ஆராதனைக்கு 250 பேர் வருகிற சபையைக் கணக்கில் வைத்து இங்கே எல்லா அளவுகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. உங்கள் சபைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பது

2027-ல் ஈஸ்டர் மார்ச் 28. குருத்தோலை ஞாயிறு மார்ச் 21, கூடுகை மார்ச் 20 சனிக்கிழமை சாயங்காலம். சாம்பல் புதன் பிப்ரவரி 10 என்பதால், லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) தொடங்கிய முதல் ஞாயிறான 14-ஆம் தேதியே அறிவிப்பு கொடுத்துவிடலாம். இடையில் மார்ச் முதல் வெள்ளி, அதாவது 5-ஆம் தேதி, உலக ஜெப தினம் வருகிறது. அதற்கும் இதே பெண்கள்தான் ஓடியாடி வேலை செய்வார்கள். அதனால் இரண்டுக்கும் ஒரே பொறுப்பாளரைப் போடாதீர்கள். உலக ஜெப தினத்தில் முன்னால் நின்றவர்கள் இந்த முறை பாயில் உட்காரட்டும்.

மார்ச் மாதம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு மாதம். பிள்ளை படிக்கிற வீட்டில் அம்மா ராத்திரி ஒன்பது மணி வரை வெளியே இருக்க முடியாது. நேரம் 4.30 முதல் 7.30 என்று வையுங்கள். பீடி சுற்றுகிற பெண்கள் உள்ள ஊர் என்றால், சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பீடியை ஒப்படைத்துக் கூலி வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு அதற்குப் பிறகு தொடங்குங்கள். அவர்கள் இல்லாமல் தொடங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்: இலையை மடித்து நுனியைச் செருகுகிற வேலை அவர்கள் விரலுக்குப் பழக்கமானது. முதல் சிலுவையிலேயே முடிச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

பொறுப்பு பிரிப்பது

ஐந்து பேர் போதும். ஓலைக்கு ஒருவர், பின்னல் கற்றுக்கொடுக்க ஒருவர், சமையலுக்கு ஒருவர், வேதபாடத்துக்கும் பாட்டுக்கும் ஒருவர், பிள்ளைகளையும் வீடு திரும்புவதையும் பார்த்துக்கொள்ள ஒருவர். கடைசியாகச் சொன்ன பொறுப்பைத்தான் பல சங்கங்கள் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. கைக்குழந்தைக்காரர்களும் தூரத்துத் தெருவில் இருக்கிற விதவைத் தாய்மார்களும் வராமல் போவது அதனால்தான். "யார் கூட்டிட்டு வருவா, யார் கொண்டு விடுவா" என்கிற கேள்விக்குப் பதில் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்: எந்தத் தெருவுக்கு யார் துணை, கடைசி ஆட்டோ எத்தனை மணிக்கு.

ஓலை

இந்தக் கூடுகை நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் ஓலையால்தான். சில ஊர்களில் தென்னங்குருத்து, சில ஊர்களில் பனங்குருத்து. பனங்குருத்து கிடைத்தால் அதையே எடுங்கள். தென்னங்குருத்து பின்னுவதற்கு மென்மையாக இருக்கும், ஆனால் காய்ந்தால் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். பனங்குருத்து தந்த நிறத்தில் காய்ந்து, வேதாகமத்துக்குள் வைத்த சிலுவை அடுத்த வருஷம் வரை வடிவம் மாறாமல் இருக்கும்.

குருத்து என்றால் மரத்தின் நடுவில் விரியாமல், விசிறி மடித்த மாதிரி நேராக நிற்கிற இளம் ஓலை. பனை மாதத்துக்குச் சுமாராக ஓர் ஓலைதான் விடும். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்டக் கூடாது. போன வருஷம் வெட்டிய மரத்தில் இந்த வருஷம் கை வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. அடி வரைக்கும் ஆழமாக வெட்டினால் உள்ளே இருக்கிற மொட்டு காயப்படும். பனைக்கு இருப்பது அந்த ஒரே மொட்டு, அது போனால் மரமே போய்விடும். ஆகவே பழக்கமில்லாத இளவட்டங்களை ஏற்றி விடாமல் பனையேறுகிறவரிடமே கேளுங்கள். "கோயில் காரியம்தானே" என்று சும்மா வாங்காதீர்கள். மார்ச் மாதம் பதநீர் இறக்குகிற காலம், அவருடைய ஒவ்வொரு மணி நேரமும் கூலி. ஏறுகூலியைச் சங்கக் கணக்கில் முதல் செலவாக எழுதுங்கள்.

எத்தனை குருத்து வேண்டும்? ஒரு பனங்குருத்தில் சுமாராக 60 இதழ்கள் இருக்கும். நடு ஈர்க்கை உரித்தால் ஒரு இதழ் இரண்டு கீற்றாகும். கணக்குப்படி 120 கீற்று, ஆனால் ஓரத்து இதழ்கள் குட்டையாக இருக்கும், நுனி கிழியும், பழகுகிறவர்கள் கையில் கொஞ்சம் வீணாகும். ஒரு குருத்துக்கு 80 நல்ல கீற்று என்று வையுங்கள். 250 சிலுவைக்கு நாலு குருத்து. ஓலைக் கொழுக்கட்டைக்குத் தனியாக ஒரு குருத்து. ஆக ஐந்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்டினால் போதும். பின்னலைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் வியாழக்கிழமை பழகுவதற்கு வேண்டியதை மட்டும் அன்றைக்கே வெட்டுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். வெட்டியதும் ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில், தரையில் கிடத்துங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்தால் உள்ளே வேர்த்து, மறுநாள் வழவழப்பும் பழுப்புப் புள்ளியுமாக இருக்கும். தொட்டித் தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது. தண்ணீர் குடித்த ஓலை ஊதி நிற்கும், பின்னும்போது இறுக்கமாகத் தெரியும். ராத்திரியில் உலர்ந்து சுருங்கியதும் முடிச்சு தளர்ந்து, காலையில் பவனி பாதி வழி போவதற்குள் கை கையாகக் கழன்றுவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

சனிக்கிழமை மதியம் மூன்று பேர் உட்கார்ந்து கீற்றுகளைத் தயார் செய்ய வேண்டும். மட்டையின் ஓரத்துக் கருக்கு ரம்பம் மாதிரி அறுக்கும், அதை முதலில் சீவித் தள்ளுங்கள். பிறகு இதழ் இதழாகப் பிரித்து, ஈர்க்கை அடியிலிருந்து நுனிக்கு உரியுங்கள். ஒவ்வொரு கீற்றும் 60 சென்டிமீட்டர் நீளம், அடியில் 1 சென்டிமீட்டர் அகலம், நுனி கூர்மையாக. ஒரு மாதிரிக் கீற்றைத் தரையில் ஒட்டிவைத்து அதன்மேல் வைத்து வெட்டினால் அளவு மாறாது. உரித்த ஈர்க்கை எறியாதீர்கள், கொழுக்கட்டை கட்ட உதவும்.

சிலுவை பின்னும் முறை

கற்றுக்கொடுக்கிறவர் ஒருவர் 36 பேருக்கு முன்னால் நின்று செய்து காட்டினால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு பேருக்கு ஒருவர் என்று ஆறு பேரை வியாழக்கிழமையே கூட்டி, ஆளுக்கு ஐந்து சிலுவை பின்ன வையுங்கள். அவர்கள்தான் சனிக்கிழமை ஆறு பாய்களுக்கும் தலைவர்கள். சொல்லிக்கொடுக்கிறவர் எதிரே உட்கார்ந்தால் இடமும் வலமும் மாறிப்போகும், பக்கத்தில் உட்கார வேண்டும்.

1. கீற்றின் அகலமான அடி கீழே, நுனி மேலே இருக்கப் பிடியுங்கள். அடியிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், நுனியை உங்கள் பக்கமாக மடித்துத் தொங்கவிடுங்கள். இதுதான் சிலுவையின் தலை.

2. தலையிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே, தொங்குகிற ஓலையை வலப்பக்கமாகச் செங்கோணத்தில் திருப்பி மடித்து, கட்டை விரலால் அழுத்திப் பிடியுங்கள். இந்த விரலை முடிச்சு முடியும் வரை எடுக்கக் கூடாது.

3. வலப்பக்கம் 5 சென்டிமீட்டர் போனதும் ஓலையைப் பின்பக்கமாக மடித்து, நெடுக்குத் தண்டின் பின்னால் இடப்பக்கம் கொண்டுபோங்கள்.

4. இடப்பக்கமும் அதே 5 சென்டிமீட்டர். அங்கே முன்பக்கமாக மடித்து நடுவுக்குக் கொண்டு வாருங்கள். இப்போது சிலுவை வடிவம் தெரியும், கையில் சுமார் 20 சென்டிமீட்டர் வால் மிச்சம் இருக்கும்.

5. வாலை நடுவிலிருந்து வலது மேல் மூலைக்குச் சாய்த்துப் பின்னால் தள்ளுங்கள். தலையின் பின்புறமாக வந்து இடது மேல் மூலையில் வெளியே எடுங்கள். முன்னால் குறுக்காக வலது கீழ் மூலைக்கு இறக்குங்கள். அடித்தண்டின் பின்புறமாகப் போய் இடது கீழ் மூலையில் எடுங்கள்.

6. அங்கிருந்து வலது மேல் மூலையைப் பார்த்து வந்து, முன்னால் ஏற்கெனவே குறுக்கே போகிற ஓலைக்கு அடியில் நுனியை நுழைத்து இழுங்கள். நடுவில் பெருக்கல் குறி மாதிரி இறுகும். நுனி 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இரண்டாவது படியில். திருப்பும்போது ஓலை வெடித்தால், ஈர்க்குத் துண்டு ஒட்டியிருக்கிறது அல்லது ஓலை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சிலுவை ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு கையும் சம அளவில் இல்லை. கடைசியில் நுனி நுழையவில்லை என்றால் நுனி அகலமாக இருக்கிறது, கத்தரியால் ஊசி மாதிரி சீவிக்கொண்டால் சுலபமாகப் போகும். நுழைத்ததும் முழு பலத்தோடு இழுக்காதீர்கள். தண்டு சுருங்கி நடுவில் இடுப்பு விழும். இறுக்கம் கைக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

முதல் சிலுவைக்கு பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். மூன்றாவது வரும்போது நாலைந்து நிமிஷத்தில் முடிப்பார்கள். 75 நிமிஷத்தில் ஆளுக்கு எட்டு பின்னினால் 288. பத்தில் ஒன்று தளர்ந்தோ கோணியோ போனாலும் 250 தாண்டிவிடும். அப்படியும் குறைந்தால் பதற வேண்டாம். பின்னாத நீள ஓலைகளைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுங்கள், ஓசன்னா பாடி ஆட்டுவதற்கு அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

இடம்

சபை மண்டபத்தில் ஆறு பாய். ஒவ்வொரு பாய்க்கும் இரண்டு கத்தரி, ஓர் அளவுகோல், ஈரத்துணி மூடிய ஒரு தட்டில் 50 கீற்று, ஓலைக் குப்பைக்கு ஒரு பெட்டி. நாற்காலி தேவைப்படுகிற பாட்டிமார்களுக்கு இரண்டு பெஞ்சு. மின்விசிறிக்கு நேர் கீழே ஓலையை வைத்தால் அரை மணியில் மொறுமொறுத்துவிடும், விசிறி ஆட்களுக்கு ஓடட்டும், ஓலைத் தட்டு சுவர் ஓரமாக இருக்கட்டும். கரண்ட் போனால் பின்னல் நின்றுவிடும், சார்ஜ் ஏற்றிய விளக்கு குறைந்தது மூன்று வேண்டும். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், சுற்றிலும் ஓலை. விரலில் ஓலை கீறினால் எரியும், ஒட்டுப் பிளாஸ்திரி இருபது வாங்கி வையுங்கள்.

விட்டுவிட்டால் ஒரே தெருக்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒரு மூலையில் தனியாக இருப்பாள். வாசலில் ஆறு நிறத்துத் துண்டுச் சீட்டு வைத்து, எடுத்த நிறத்துப் பாயில் உட்காரச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிஷம் சங்கடமாக இருக்கும். பிறகு "இந்த மடிப்பு எப்படிக்கா?" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். இந்தக் கூடுகையில் சிலுவைக்கு அடுத்து விலை மதிக்க முடியாதது அந்த "எப்படிக்கா"தான். இதற்காகவே பின்னல் நேரத்தில் மைக்கில் பாட்டு போடாதீர்கள்.

கண் தெரியாதவர்கள், விரல் மடங்காதவர்கள் சும்மா உட்காரக் கூடாது. பின்னி முடித்ததை 25, 25-ஆகக் கட்டுவது, கீற்றைத் துடைத்துக் கொடுப்பது, முடிச்சு தளர்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது அவர்கள் வேலை. பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பாய், பெரிய பெண்பிள்ளை ஒருத்தி துணைக்கு. வீணான ஓலையில் காற்றாடி செய்து காட்டினால் அரை மணி நேரம் அம்மாவைத் தேட மாட்டார்கள்.

வேதபாடம்

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், பின்னலுக்கு முன்னாலேயே முடியட்டும். இயேசு எருசலேமுக்குள் பவனியாக வந்த சம்பவத்தை நாலு சுவிசேஷங்களும் சொல்கின்றன. ஆனால் குருத்தோலை என்ற சொல் வருவது யோவான் 12:13-ல் மட்டும்தான். மத்தேயுவும் மாற்குவும் மரக்கிளைகளைச் சொல்கிறார்கள், லூக்கா வழியில் விரித்த வஸ்திரங்களை மட்டும் சொல்கிறார். நாலு பாய்க்கு நாலு சுவிசேஷப் பகுதியைக் கொடுத்து, "உங்கள் பகுதியில் கையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பதில் அவர்கள் வாயிலிருந்தே வரும். மீதி இரண்டு பாய்க்கு நியாயாதிபதிகள் 4:4–5, சங்கீதம் 92:12. முதலாவதில் தெபொராள் பேரீச்சமரத்தடியில் இருந்து ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்கிறாள். இரண்டாவதில் நீதிமான் பனையைப்போல் செழிப்பான் என்று நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. எபிரெயத்தில் இருப்பதும் பேரீச்சைதான். மொழிபெயர்த்தவர்கள் அங்கே நம் ஊர் மரத்தை வைத்திருக்கிறார்கள். பனங்காட்டு நடுவில் வாழ்கிற பெண்களுக்கு இதை விளக்கி நீட்ட வேண்டியதில்லை.

சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் பொறுப்பில் இருக்கிற சபைகளில், பனையேறுகிற குடும்பத்துப் பெண் ஒருவர் இருந்தால், பத்து நிமிஷம் அவரைப் பேசக் கேளுங்கள். மரத்தில் ஏறுகிறவர் ஆண், விடிலி என்கிற ஓலைக் குடிசையில் அனல் முன்னால் நின்று பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குகிறவர் பெண். அவருக்கு மேடைப் பேச்சு வராது என்றால் பாயில் உட்கார்ந்தபடியே நாலு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழும்புவீங்க, பதம் வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பீங்க, மழை பெய்தா என்ன ஆகும், கைக்கு எவ்வளவு நிக்கும்.

சாப்பாடு

லெந்து காலத்தில் சிலர் உபவாசம், பலர் அசைவம் விட்டிருப்பார்கள். ஓலைக் கொழுக்கட்டையும் சுக்குக் காபியும் பொருத்தம். 40 பேருக்கு ஆளுக்கு இரண்டு கொழுக்கட்டை:

வறுத்த பச்சரிசி மாவு 2 கிலோ, கருப்பட்டி 1¼ கிலோ, தேங்காய் 5, வறுத்து வேகவைத்த பாசிப்பயறு 400 கிராம், சுக்குப் பொடி 20 கிராம், ஏலக்காய் 15, உப்பு ஒரு சிட்டிகை.

கருப்பட்டியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மண் இருக்கும். சூடான பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் ஊற்றி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்தில் நிறுத்துங்கள். பாகு மிஞ்சினால் மிஞ்சட்டும், காபிக்கு ஆகும். மாவு இளகிவிட்டால் ஓலைக்குள் நிற்காமல் வழிந்து பாத்திரத்தில் சேரும். ஓலைத் துண்டை மடித்து, நடுவில் மாவை அழுத்தி, ஈர்க்கால் கட்டி, ஆவியில் 25 நிமிஷம். ஓலை வாசம் மண்டபம் வரைக்கும் வந்தால் வெந்துவிட்டது. 3 மணிக்கே கட்டி வைத்துவிட்டு, பின்னல் தொடங்கும்போது அடுப்பில் ஏற்றினால் சரியாக இருக்கும்.

சுக்குக் காபி 7 லிட்டருக்குச் சுக்கு 60 கிராம், மல்லி 100 கிராம், மிளகு 15 கிராம், கருப்பட்டி 800 கிராம். கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம் பெண்களிடம் பலமாக இருக்கிறது. அது தவறு, கருப்பட்டியும் இனிப்புதான், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். மாத்திரை போடுகிறவர்களுக்குக் கருப்பட்டி போடாத காபியும், 2 கிலோ கொண்டைக்கடலையில் சுண்டலும் தனியாக வையுங்கள், கேட்காமலே அவர்கள் கையில் கொடுங்கள்.

நேர ஓட்டம்

4.30-க்குச் சீட்டு எடுத்து உட்காருதல். 4.40 பாட்டு, ஜெபம். 4.50 வேதபாடம். 5.05 பனையேறும் குடும்பத்துச் சகோதரியின் பேச்சு. 5.15 முதல் சிலுவை, எல்லோரும் சேர்ந்து, படிப்படியாக. 5.30 முதல் 6.45 வரை பின்னல். அதற்கு மேல் இழுத்தால் விரல் வலித்து முடிச்சு தளரும். 6.45 கொழுக்கட்டை.

7 மணிக்கு ஒவ்வொரு பாய்க்கும் மூன்று சிறு அட்டை கொடுங்கள். கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் இருக்கிறவர்கள் பெயர் அதில். பாயில் இருக்கிறவர்கள் ஒரு வரி ஜெபம் எழுதி, நன்றாக அமைந்த சிலுவையோடு நூலால் கட்டி வையுங்கள். யார் யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதை அங்கேயே முடிவு செய்யுங்கள், "யாராவது கொடுத்துடுங்க" என்று விட்டால் ஈஸ்டர் வரைக்கும் மேஜையிலேயே கிடக்கும். 7.15 முடிவு ஜெபம், கூட்டிப் பெருக்கல். ஓலைக் குப்பை மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகும். 7.30 ஆட்டோ.

ராத்திரியும் காலையும்

கட்டிய சிலுவைகளை மூங்கில் கூடையில் அடுக்கி, பிழிந்த ஈரத்துணி மூடி, ஆலயத்துக்குள் வையுங்கள். எலி நடமாட்டம் இருந்தால் மேலே ஒரு பலகை. காலையில் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு பேர் வந்து, தளர்ந்த முடிச்சுகளை இறுக்கி, வாசலுக்கு இரண்டு கூடையாகப் பிரித்து வைக்க வேண்டும். குருவானவர் ஜெபித்த பிறகு கொடுப்பதா, வாசலிலேயே கொடுப்பதா என்று முதல் நாளே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் காலிப் பெட்டி ஒன்றும் இருக்கட்டும், "போன வருஷச் சிலுவை" என்று எழுதி. வீட்டில் காய்ந்து கிடப்பதை எங்கே போடுவது என்று தெரியாமல் பலர் வைத்திருப்பார்கள். சாம்பல் புதனுக்குச் சாம்பல் இடுகிற சபைகளில் அந்த ஓலையை எரித்துத்தான் சாம்பல் எடுக்கிறார்கள். பெட்டியைக் கட்டி, 2028 லெந்துக்கு என்று எழுதி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.